எண்ணெய் பில்டரும் எங்க ரோடும்

நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார் போட்டி 1934இல் தொடங்கியது. அந்தக் கார்களின் உறுமலைக் கேட்டுட்டு இறக்குவானைக்குத் திரும்பியதிலிருந்து எங்க அண்ணாவுக்கு ஒரே ஆசை: தன் ஆட்டோவுக்கும் எண்ணெய் தடவிய பருத்தி பில்டர் போடணும். "இழுவை கூடும்டா" என்றார்.

கொஞ்சம் உண்மைதான். பருத்தி வலையில் காற்று தாராளமாகப் போகும். தூசியைப் பிடிப்பது எண்ணெய்ப் பசை. ஆனால் கடதாசி பில்டர் நிறுத்துகிற நுண்தூசி இதில் கொஞ்சம் தப்பி உள்ளே போகும். அது பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் உப்புத்தாள் மாதிரித் தேய்க்கும். போட்டிக் காருக்குப் பரவாயில்லை. தார் ரோட்டில் சின்ன ஓட்டம், இஞ்சினைப் பிரித்துப் பார்க்க ஆளும் இருக்கும். எங்க தோட்ட ரோட்டில் வெயிலடிச்சா புழுதி, மழை பெய்தா சேறு. ஆட்டோவோ இன்னும் லீசிங்கில! இஞ்சின் போனால் தவணையை யார் கட்டுறது?

சரி, ஏன் இழுக்கல? பழைய கடதாசி பில்டரைக் கழட்டி வெயிலுக்கு நேரே பிடிச்சோம். ஒரு பொட்டு வெளிச்சம் வரல.

புதுக் கடதாசி பில்டரே போட்டோம். கோயில் மேட்டில் ஆட்டோ முன்னைவிட லேசா ஏறுது. உறுமல்தான் இல்லை.