மாட்டிக்கொண்டவன் பேச மாட்டான்

நான்காம் செமஸ்டர் நெட்வொர்க் லேபில் நான் செய்த ஒரு தப்பை இந்த மலரில் ஒப்புக்கொள்கிறேன்.

நான் எழுதிய சாட் புரோகிராமை லினக்ஸில் ஓட்டினேன். கீபோர்டு வேலை செய்யவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி: ‘பக்: சாஃப்ட் லாக்கப், சி.பி.யு. 2 ஸ்டக் ஃபார் 22 செகண்ட்ஸ்’. கடைசியில் அடைப்புக்குறிக்குள் என் புரோகிராமின் பெயர்! ‘போச்சுடா, கம்ப்யூட்டரைக் கெடுத்துட்டோம்’ என்று கை நடுங்கியது. எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். காசு கட்டச் சொன்னால் அப்பா எங்கே போவார்? சத்தமில்லாமல் பிளக்கைப் பிடுங்கினேன். அந்த வாரமே மூன்று தடவை இப்படி. யாரிடமும் மூச்சு விடவில்லை.

நான்காவது தடவை அந்த மெஷினில் உட்கார்ந்திருந்தவன், ரோல் நம்பரில் எனக்கு அடுத்தவன். சேவ் பண்ணாத மினி புராஜெக்ட்... ஒரு மதியத்து உழைப்பு போயிற்று! “நான் என்னடா பண்ணேன்?” என்று அழாத குறை. எனக்குத் தாங்கவில்லை. லேப் சாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

சார் திட்டவில்லை. “முதல் நாளே ஏன்டா சொல்லலை?” என்று மட்டும் கேட்டு, விளக்கினார்.

சாதாரணப் புரோகிராம் முடிவில்லாத லூப்பில் சுற்றினாலும், கெர்னல் அதனிடமிருந்து பிராசசரைப் பிடுங்கி அடுத்ததற்குக் கொடுத்துவிடுமாம். கெர்னலுக்குள்ளேயே ஒரு கோட் விடாமல் சுற்றினால்தான் ஆபத்து. மாட்டிக்கொண்ட பிராசசர் தானாகச் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கும் கோடை 2005ல் இங்கோ மோல்னார் லினக்ஸுக்கு எழுதினார். ராத்திரி வாட்ச்மேனின் கையெழுத்து நோட்டு மாதிரிதான். ஒவ்வொரு பிராசசரிலும் ஒரு சின்ன வேலை அவ்வப்போது ஓடி நேரத்தைக் குறிக்க வேண்டும். 4 செகண்டுக்கு ஒருமுறை டைமர் வந்து நோட்டைப் பார்க்கும். 20 செகண்டுக்கு மேல் கையெழுத்து இல்லையா, உடனே ரிப்போர்ட்! டைமரே நுழைய முடியாதபடி இன்டரப்ட்டுகள் அடைபட்டிருந்தால்? தடுக்க முடியாத இன்டரப்ட்டான என்.எம்.ஐ. இருக்கிறது, சுமார் 10 செகண்டில் ‘ஹார்ட் லாக்கப்’ என்று பிடித்துவிடும். அந்த வசதி இல்லாத மெஷின்களுக்காக, 2023ல் வந்த 6.5 பதிப்பில் ஒரு பிராசசரைப் பக்கத்துப் பிராசசரே கவனிக்கும் முறையும் சேர்ந்தது.

“அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறது குற்றவாளி பேர் இல்லைடா. அப்போ அந்த பிராசசர்ல எது ஓடிக்கிட்டிருந்ததுன்னு சொல்லுது, அவ்வளவுதான். கீழே கால் ட்ரேஸைப் படி” என்று லாக் ஃபைலைத் திறந்தார் சார். நான்கு ரிப்போர்ட்டும் அப்படியே இருந்தன. நான்காவதில் என் புரோகிராம் பெயரே இல்லை! ஆனால் நான்கிலும் ஒரே ஃபங்ஷன். யு.எஸ்.பி. வைஃபை அடாப்டரின் டிரைவரில் உள்ளது அது. அடாப்டரைக் கழற்றிவிட்டு கேபிள் மாட்டினோம். பிறகு அந்த வரி வரவேயில்லை.

கெர்னல் மூன்று தடவை வாய் திறந்து சொன்னது. வாயை மூடிக்கொண்டவன் நான்தான். நண்பனின் புராஜெக்டை அடுத்த சனிக்கிழமை இரண்டு பேருமாக உட்கார்ந்து திரும்ப அடித்தோம்.

ஜூனியர் தம்பி, தங்கைகளே! அப்படி ஒரு வரி வந்தால் பதறிப்போய் பிளக்கைத் தொடாதீர்கள். பிராசசர் எண், செகண்ட், பெயர், கால் ட்ரேஸ்... நாலையும் நோட்டில் குறித்துக்கொண்டு லேப் சாரிடம் ஓடுங்கள். அன்றைக்கே ஓடுங்கள்!