திரும்பி வரும் வழி யார் கையில்?



போன வாரம் பேத்தியின் கல்லூரி விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பிக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி முடிந்தது. நடுவில் 'விதிமுறைகளைப் படிக்க' என்று ஓர் இணைப்பு. தட்டினேன். விண்ணப்பம் போய், அதே இடத்தில் விதிமுறைகள் வந்தன. திரும்பி வந்து பார்த்தால் எல்லாக் கட்டமும் காலி. ஒரு மணி நேர உழைப்பு வீண்.

வலைத்தளம் அமைக்கும் பழைய மாணவனிடம் புலம்பினேன். "அதுக்குத்தான் டீச்சர், நாங்க எல்லா இணைப்பையும் புது டேப்ல திறக்கிற மாதிரி வெச்சிடுவோம்" என்றான்.

அந்த 'எல்லா' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. எங்கள் வீட்டுக்காரர் கணினியில் செய்தி படிப்பார். தொட்டதெல்லாம் புது டேப். பின்னால் போகும் அம்புக்குறி மங்கிக் கிடக்கும், அழுத்தினாலும் வேலை செய்யாது. புது டேபுக்கு முந்தைய பக்கம் என்று ஒன்று கிடையாதே! "கெட்டுப்போச்சு" என்று கணினியையே அணைத்துவிடுவார். திரைவாசிப்பான் வைத்துக் கேட்டுப் படிக்கும் பார்வையற்றவர்களுக்கு இன்னும் குழப்பம்.

இது பழைய வழக்குதானாம். 1999இல் வந்த எச்டிஎம்எல் 4.01இன் கண்டிப்பான வடிவத்தில், இணைப்பைப் புதிய சாளரத்தில் திறக்கச் சொல்லும் 'டார்கெட்' என்ற கட்டளைக்கு இடமே இல்லை. எச்டிஎம்எல் 5இல் அது திரும்பி வந்துவிட்டது.

நான் கேட்டது இதுதான்: "தம்பி, நீங்கள் சும்மா விட்டால், வேண்டுமென்கிறவர் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கிப் புது டேபில் திறக்கலாம். கைப்பேசியில் விரலை அழுத்திப் பிடித்தால் போதும். நீங்களே புது டேப் என்று கட்டளை போட்டுவிட்டால், அதே டேபில் திறக்க எங்களுக்கு இவ்வளவு எளிய வழி இருக்கிறதா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்ல டீச்சர்" என்றான்.

ஆகவே என் தீர்ப்பு: வழக்கமான இணைப்பைப் படிப்பவர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். பாதி நிரப்பிய படிவம் போன்ற இடத்தில் மட்டும் புது டேப் வையுங்கள். அங்கேயும் 'புதிய டேபில் திறக்கும்' என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

என் தவறும் உண்டு. அந்தக் கன்ட்ரோல் விசை விஷயம் எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. இதைப் படிக்கும் பிள்ளைகள் இன்றைக்கே உங்கள் அம்மா அப்பாவுக்கு அதைச் சொல்லிக்கொடுங்கள். இதுதான் வீட்டுப்பாடம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்