பாட்டி உறைய வைத்த பால்

பத்தாங் காலி என்ற பெயர் செய்தியில் வந்தாலே மனம் பதறுகிறது. 1948 டிசம்பர் 12ஆம் தேதி இங்குள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆயுதமில்லாத 24 பேரைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். 2022 டிசம்பர் 16ஆம் தேதி விடியுமுன், மலைச்சரிவில் கூடாரம் போட்டுத் தூங்கியவர்களில் 31 பேரின் உயிரை மண்சரிவு கொண்டுபோனது. வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் அந்த இரண்டு டிசம்பர்களால்தான் தெரியும். எனக்குத் தெரிந்த பத்தாங் காலியில் பால் வாசம் அடிக்கும். அங்கேதான் என் பாட்டி இருக்கிறார்.

இந்த முறை நான் போனது கிரீம் சீஸ் செய்ய. சிரிக்காதீர்கள். போன தீபாவளிக்கு எங்கள் வீட்டிலும் முறுக்கு, அதிரசத்துக்குப் பக்கத்தில் சீஸ் டார்ட் வந்து உட்கார்ந்தது. கடையில் வாங்கும் கிரீம் சீஸ் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. வீட்டிலேயே செய்து பார்க்கலாமே என்று பெட்டிப் பாலைச் சூடாக்கி எலுமிச்சை பிழிந்தேன். துணியில் வடித்தால் பாதி அப்படியே வழிந்து ஓடியது. பாட்டிக்குப் போன் செய்து புலம்பினேன். "பெட்டிப் பால வெச்சுக்கிட்டு என்ன செய்வ? சனிக்கிழமை இங்க வா. நான் பால் வாங்கி வெக்கிறேன்" என்றார்.

கோலாலம்பூர் சென்ட்ரலில் தஞ்சோங் மாலிம் போகும் கொமுட்டர் ரயில் ஏறினால் ரவாங், செரண்டா, அடுத்து பத்தாங் காலி. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். ரவாங் தாண்டியதும் வலப்பக்கம் மலைத்தொடர் கூடவே வரும். ஒரு காலத்தில் இந்த வழி நெடுக பால்மரம். இன்று செம்பனையும், அதை வெட்டிக் கட்டிய தாமான்களும். பாட்டி பிறந்து, வாழ்க்கைப்பட்டு, முப்பது வருஷம் பால் வெட்டிய தோட்டமும் இப்போது ஒரு தாமான்தான். மாரியம்மன் கோயில் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

முதல் வேலையாகப் பாட்டி என்னைப் பால்கார அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போனார், காலி போத்தல்களைத் திருப்பிக் கொடுக்க. தகரக் கூரை போட்ட கொட்டகை. ஐந்து மாடுகள். திமில் வைத்த சிவப்பு மாடு ஒன்று என்னை ஒரு மாதிரி பார்த்தது. கால்நடைத் துறையினர் 'லோக்கல் இந்தியன் டெய்ரி' என்று வகைப்படுத்தியிருக்கும் மாடுகள், நம் முன்னோர்களோடு இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவற்றின் வம்சம். ஆளோடு மாடும் வந்த கதையை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

"முன்ன பதினாலு இருந்துச்சும்மா. மேய்க்க எடம் வேணுமே. அந்தப் பக்கம் வேலி போட்டுட்டாங்க, இந்தப் பக்கம் வீடு கட்டுறாங்க. புல்லு அறுக்கவே மோட்டார்ல ரொம்ப தூரம் போறேன்" என்றார் அண்ணன். மகன்கள் இருவருக்கும் பினாங்கில் வேலை. வருஷக் கடைசியில் இன்னும் இரண்டு மாடுகளைக் கொடுத்துவிடப் போகிறாராம்.

திரும்பி வரும் வழியில் பாட்டி பேசவே இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னார்: "மழை பேஞ்சா வெட்டு இல்ல. வெட்டு இல்லன்னா சம்பளம் இல்ல. மாடு மழையிலயும் கறக்கும். ஒங்கப்பன் படிச்சது அந்தக் காசுலதான்."

தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது பாட்டியிடம் மூன்று மாடுகள் இருந்தன. தாமான் வீட்டில் மாடு கட்ட முடியாது. மூன்றையும் ஒரே நாளில் விற்றார்கள். வீடு போன கதையைப் பாட்டி பல தடவை சொல்லியிருக்கிறார். மாடு போன கதையை அன்றுதான் கேட்டேன்.

குளிர்பெட்டியில் முந்தின நாள் வாங்கிய 3 லிட்டர் பால் இருந்தது. மேலே மஞ்சளாக ஏடு திரண்டிருந்தது. பெட்டிப் பாலில் இதைப் பார்க்க முடியாது. தொழிற்சாலையில் கொழுப்பை நுண்துளிகளாக உடைத்துப் பாலோடு கலந்துவிடுகிறார்கள். ஏட்டோடு மேலாக 2 லிட்டரை எடுத்துக்கொண்டு, அடியில் நின்ற மெல்லிய பாலைத் தேநீருக்கு ஒதுக்கினோம். பால் பொங்கி வரும்வரை காய்ச்சினார். கறந்த பாலைக் காய்ச்சாமல் பயன்படுத்தவே கூடாது. மாட்டிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் உண்டு. விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் இரண்டு கரண்டி தயிரைக் கலக்கி மூடிவைத்தார்.

"ஸ்டோர்ல ஒங்க தாத்தா செஞ்ச அதே வேலைதான் இது" என்றார் பாட்டி.

எனக்குப் புரியவில்லை. பிறகு யோசித்தால் வியப்பாக இருந்தது. தோட்டத்தில் 'பால்' என்றால் முதலில் மரத்துப் பால்தான். மங்கில் சேர்ந்ததை வாளியில் ஊற்றி, காண்டாவில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோவார்கள். அங்கே நிறுத்து, வடிகட்டி, தண்ணீர் கலந்து, தட்டில் ஊற்றி ஆசிட் விடுவார்கள். நேரம் போனால் வெள்ளைக் கட்டியாக உறைந்திருக்கும். ரப்பர் பாலிலும் மாட்டுப் பாலிலும் நுண்துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கின்றன. புளிப்பு ஏறியதும் அந்தத் தள்ளும் சக்தி போய்விடுகிறது, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. அங்கே ஃபார்மிக் ஆசிட், இங்கே தயிர் தரும் லாக்டிக் ஆசிட். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு எந்தப் பால் எப்போது உறையும் என்பது கைக்கே தெரிந்திருக்கிறது.

நம் வெயிலுக்கு எட்டு மணி நேரத்தில் பால் கெட்டியாக உறைந்தது. இரவில் அதை வெந்நீரில் அலசிய வேட்டித் துணியில் கொட்டி, மூட்டையாகக் கட்டி, குளிர்பெட்டியில் ஒரு பாத்திரத்தின் மேல் தொங்கவிட்டோம். வெளியே தொங்கவிட்டால் விடிவதற்குள் புளித்துவிடும். காலையில் மூட்டையைப் பிரித்து, அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, வழுவழுவென்று வரும்வரை கடைந்தோம். ஏறக்குறைய அரை கிலோ கிடைத்தது. ஐந்து நாளுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். வடிந்த தண்ணீரைப் பாட்டி ரசத்தில் ஊற்றினார்.

கடைச் சரக்கோடு இதை ஒப்பிடலாமா? 1872ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் செஸ்டர் என்ற ஊரில் வில்லியம் லாரன்ஸ் என்ற பால் வியாபாரி, ஏடு அதிகம் சேர்த்து இந்தச் சீஸைச் செய்து விற்கத் தொடங்கினார். 1880இல் அதற்குப் பிலடெல்பியா என்று பெயர் வந்தது. அந்த நகரத்தில் செய்ததால் அல்ல. நல்ல பால் பண்டத்துக்கு அந்த நகரம் பேர் வாங்கியிருந்ததால். இன்று அமெரிக்கச் சட்டப்படி கிரீம் சீஸில் குறைந்தது 33 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். பாட்டியுடையது அந்தக் கணக்குக்கு வராது. கொழுப்புக் குறைவு, புளிப்புச் சற்றுத் தூக்கல், இரண்டாம் நாள் கொஞ்சம் தண்ணீர் விடும். ஆனால் பாலின் ருசி நாக்கிலேயே நிற்கும். ரொட்டியில் தடவி, மேலே குலா மலாக்காவைச் சீவிப் போட்டுச் சாப்பிட்டேன். பாட்டி தோசைக்குத் தொட்டுக்கொண்டார். "தயிருக்கும் வெண்ணெய்க்கும் நடுவுல இருக்கு" என்பது அவர் தீர்ப்பு.

ரயிலுக்குப் போகும் வழியில் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பால்கார அண்ணனிடம் போனேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"நம்ம மாட்டுப் பாலா இது?"

"ஆமாண்ணே."

கொட்டகைக்குள் திரும்பி மாடுகளை ஒரு பார்வை பார்த்தார். "அடுத்த மாசம் வந்தா முன்கூட்டியே சொல்லும்மா. பால் எடுத்து வெக்கிறேன்" என்றார்.

சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். ஆறு போத்தல் என்று.