ஓடும்போது ஒரு ஈசிஜி

வியாதிகளில் சில, டாக்டரைக் கண்டால் ஒளிந்துகொள்ளும். வீட்டில் ஆட்டமாய் ஆடிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் நல்ல பிள்ளையாகிவிடும். அப்படி ஒன்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

என் அக்கா பையனுக்கு 24 வயசு. ஷட்டில் ஆடுவான், மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவுவான். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அரை மணி, ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிடும். போய்ப் பார்த்தால் ஈசிஜி நார்மல், எக்கோ நார்மல். ‘டென்ஷன் தம்பி, காபியைக் குறைங்க’ என்றார்கள். அக்கா தன் பங்குக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள். ஒன்றரை வருஷம் இப்படியே போயிற்று. பையன் தனக்கு மனசில்தான் ஏதோ கோளாறு என்று நம்ப ஆரம்பித்துவிட்டான். எனக்குக் கவலை தந்தது அதுதான்.

ஒரு நாள் ஓட்டம் நிற்பதற்குள் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள். நிமிஷத்துக்கு 180. காகிதத்தில் விழுந்துவிட்டது. மேலறையிலிருந்து வருகிற வழக்கமான படபடப்பு என்று நினைத்து அடினோசின் ஊசி போட்டார்கள். கேட்கவில்லை. பெரிய டாக்டர் வந்து காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ‘வெரபமில் கொடுங்க’ என்றார். மெதுவாக ஏற்ற, நின்றது.

பெயர், ஃபாசிகுலர் வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா. வாயில் நுழையாவிட்டால் ‘பெல்ஹாசன் விடி’ என்றும் சொல்லலாம். வெரபமிலுக்கு இது அடங்குவதை 1981-ல் எழுதிய இஸ்ரேலிய டாக்டரின் பெயர். பெரும்பாலும் 15-லிருந்து 40 வயசுக்குள், ஆண்களுக்கு அதிகமாக வருகிறது. அதுவும் நல்ல இதயத்தில்! எக்கோ நார்மலாக இருந்தது பொய்யில்லை. கோளாறு பம்பில் இல்லை, வயரிங்கில்.

இதயத்தின் மேலே பிறக்கும் மின்கட்டளை கீழறைகளுக்கு வந்ததும் வலது, இடது என்று பிரிகிறது. இடது கிளை மறுபடி முன் கற்றை, பின் கற்றை என்றாகிறது. கற்றைதான் ஃபாசிகிள். நுனியில் பர்கின்ஜி இழைகள். 1839-ல் செக் நாட்டு பர்கின்யே ஆட்டு இதயத்தில் பார்த்தவை. விநாடிக்கு 2 முதல் 4 மீட்டர் வேகத்தில் சேதி கடத்துபவை.

இந்த ஆசாமிகளுக்குப் பெரும்பாலும் பின் கற்றையை ஒட்டி மந்தமான இழைப்பாதை ஒன்று இருக்கிறது. ஒரு கட்டளை அதில் மெள்ள இறங்கி, அடியில் திரும்பி, கற்றை வழியாக மேலேறி, மறுபடி மந்தப் பாதையைப் பிடித்துவிட்டால் போச்சு, ரங்கராட்டினம்தான். சுற்றுக்கு ஒரு துடிப்பு. சட்டென்று சுற்றி வந்திருந்தால், சற்றுமுன் கடந்த இடம் இன்னும் களைப்பாறியிருக்காது, சுற்று அணைந்திருக்கும். மெள்ள வருவதால்தான் வழி திறந்திருக்கிறது. அந்த மந்தப் பாதை கால்சியத்தை நம்பி ஓடுவது. வெரபமில் கால்சியத்தின் வாசலைச் சாத்துகிறது.

உடனே ‘படபடப்புக்கு வெரபமில்’ என்று டைரியில் எழுதிக்கொள்ளாதீர்கள். வேறு வகைக் கீழறைப் படபடப்பில் இதே ஊசி ரத்த அழுத்தத்தைச் சரித்து ஆளையே சாய்த்துவிடும். காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

நிரந்தர வழி, கதீட்டர் அப்ளேஷன். தொடை ரத்தக்குழாய் வழியே 2 மில்லிமீட்டர் சொச்சம் கனமுள்ள கம்பியை இடது கீழறைக்குள் செலுத்தி, குற்றவாளி இடத்தை 50 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் செயலிழக்கச் செய்வது. சுடுவது சுலபம், தேடுவதுதான் பாடு. படபடப்பு ஓடிக்கொண்டிருந்தால்தான் அந்த மந்தப் பாதையின் சன்னமான சமிக்ஞை, ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் ஒரு குட்டி முள்ளாகத் திரையில் தெரியும். அதனால் மின்தூண்டுதல் கொடுத்து, மருந்து ஏற்றி, வியாதியை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறார்கள். வந்த பிறகும் நிம்மதியில்லை. கம்பி நுனி தவறி அந்த இடத்தில் இடித்துவிட்டால் பாதை மயங்கிப்போய், படபடப்பு மறைந்துவிடும். மயக்கம் தெளியக் காத்திருக்க வேண்டும்.

பையன் பாதி விழிப்பில் படுத்திருந்தான். ‘ஒன்றரை வருஷமா வரக்கூடாதுன்னு சாமி கும்பிட்டேன் மாமா. அன்னிக்கு மட்டும் வா வான்னு கும்பிட்டேன்’ என்றான். நாற்பது நிமிஷம் போக்குக் காட்டிவிட்டு வந்ததாம். சுட்டதும் வேகம் குறைந்து, நின்றது. மறுபடி எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை.

ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்குப் பலிக்கிற சிகிச்சை இது. சிலருக்குத் திரும்ப வரலாம், இன்னொரு தடவை செய்ய நேரும். தொடையில் ரத்தக்கசிவு, கற்றைக்கே சேதம் போன்ற ஆபத்துகளும் உண்டு. கேட்டுத் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஓடினால், நிற்கட்டும் என்று காத்திராமல் ஈசிஜி மெஷின் இருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், ஓடும்போதே பன்னிரண்டு லீட் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். கையோடு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல மெஷின்களில் வருவது வெப்பத்தாள், நாளாக ஆக எழுத்து மங்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று லாமினேஷன் கடைக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சூடு பட்டால் மொத்தமும் கறுத்துவிடும்.