கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்

செப்டம்பர் 27

முதியோரைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் வீட்டோடு நின்றுவிடுகிறது. மகன் கவனிக்கிறானா, மருமகள் வேளைக்குச் சோறு போடுகிறாளா, இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார்களா என்றெல்லாம் கேட்கிறோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் எண்பது வயதுக்காரரை அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்பது குறைவு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா, மருந்து கிடைத்ததா என்பதோடு நம் விசாரிப்பு முடிந்துவிடுகிறது. நர்ஸ் அன்பாகப் பேசினால் அது நம் அதிர்ஷ்டம், எரிந்து விழுந்தால் தலைவிதி. கனிவு என்பது சிகிச்சைக்கு மேல் கிடைக்கும் உபரி என்ற எண்ணம் நோயாளியின் வீட்டாரிடமும் இருக்கிறது, மருத்துவர்களிடமும் இருக்கிறது. அது தவறு என்பதைத்தான் இந்தப் பக்கங்களில் எழுதிவைக்க நினைக்கிறேன். வயதானவர்களுக்குக் கனிவு சிகிச்சையின் ஒரு பகுதி. அது இல்லாத வார்டில் வந்த நோய் முற்றுகிறது, வராத நோயும் வந்து சேருகிறது. ஆகவே அதைத் தனிமனிதர்களின் நல்ல குணத்தை நம்பி விட்டுவைக்கக் கூடாது. வேளைக்கு ஊசி போடுவதைப் போல அன்றாட வேலைப்பட்டியலில் அதையும் சேர்க்க வேண்டும்.

செப்டம்பர் 28

முதிய உடம்புக்குத் தாங்கும் சக்தி குறைவு என்று எல்லோரும் சொல்கிறோம். அதன் விளைவு என்ன என்று யோசிப்பதில்லை. வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கிவிடுகிறது. உடம்பில் நீர் வற்றிய பிறகும் தண்ணீர் கேட்கத் தோன்றாது. தோன்றினாலும், ட்ரிப்ஸ் ஏறும் கையின் பக்கத்து லாக்கரில் தம்ளர் இருந்தால் எட்டாது. எட்டினாலும், ‘குடித்தால் சிறுநீர் வரும், பெட்பேன் வைக்க ஆளைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் முகம் சுளிப்பார்கள்’ என்று பயந்து இரண்டு மிடறோடு நிறுத்திக்கொள்பவர்கள் எத்தனையோ பேர். நீர் குறைந்தால் மலச்சிக்கல், ரத்த அழுத்தத்தில் சரிவு, மனக்குழப்பம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. எழுந்து நடக்கவிடாமல் படுக்கவைத்தே வைத்திருப்பதும் அப்படித்தான். நல்ல ஆரோக்கியமுள்ள முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. அது சிறிய ஆய்வுதான். ஆனாலும் அந்தப் பத்து நாளில் அவர்களின் கால்கள் ஏறத்தாழ 1 கிலோ தசையை இழந்திருந்தன. நோயோடு படுத்தவர் நிலைமை இதைவிட மோசமாகத்தான் இருக்கும். நிமோனியாவுக்காக நடந்து வந்தவர், நிமோனியா குணமாகியும் நடக்க முடியாமல் வீடு திரும்புவது இதனால்தான். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘நோய் குணமானது’ என்று எழுதியிருக்கும். கால் போனது அதில் இருக்காது.

செப்டம்பர் 29

இன்று சான்றுகளுக்கு வருகிறேன். அமெரிக்காவில் அப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த மருத்துவர் ஷாரன் இனோயே, முதிய நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியில் திடீரென்று வரும் மனக்குழப்பத்தை, அதாவது டெலிரியத்தை, ஆராய்ந்தார். நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று பிள்ளையை அடையாளம் தெரியாமல் விழிப்பார், ஊசிக்குழாயைப் பிடுங்கி எறிவார். ‘வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது’ என்று நாமும் விட்டுவிடுவோம். இனோயே குழு விட்டுவிடவில்லை. 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளிடம் செய்த ஆய்வை 1999இல் வெளியிட்டது. அதில் ஒரு பிரிவினருக்குப் புதிதாக எந்த மாத்திரையும் தரவில்லை. இன்று என்ன கிழமை, பார்க்க வரும் டாக்டர் யார் என்று பலகையில் எழுதி வைத்தார்கள். மூக்குக்கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் எடுத்துக் கொடுத்தார்கள், நீர் அருந்தவைத்தார்கள், கைபிடித்து நடக்கவைத்தார்கள். இரவில் தூக்கமாத்திரைக்குப் பதில் சூடான பால், மெல்லிய இசை, முதுகை நீவிவிடுவது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது, இவர்களில் 9.9 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. பாட்டிக்கு ஒரு பேத்தி செய்யக்கூடிய காரியங்கள்தாம் இவை. ஒழுங்காக, தவறாமல் செய்ததால் அவை மருத்துவமாகிவிட்டன.

இதன் மறுபக்கத்தை இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனை காட்டியது. 2005 முதல் 2009 வரை அங்கே நடந்தவற்றை ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையிலான விசாரணைகள் வெளிக்கொண்டுவந்தன. கட்டில் துணி நனைந்தபடியே நோயாளிகள் நெடுநேரம் கிடந்தார்கள். சாப்பாடும் தண்ணீரும் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கப்பட்டன. அழைப்பு மணிக்கு ஆள் வரவில்லை. பணக்கார நாடு, படித்த ஊழியர்கள், நல்ல கட்டடம் எல்லாம் இருந்தும் இது நடந்தது. நிர்வாகம் வரவுசெலவைச் சரிக்கட்டவும் இலக்குகளை எட்டவும் ஆட்களைக் குறைத்தது. நோயாளியின் வீட்டார் சொன்ன புகார்களைக் காதில் வாங்கவில்லை. 2013 பிப்ரவரியில் வந்த இறுதி அறிக்கை 290 பரிந்துரைகளைச் சொன்னது. அத்தனை ஊழியர்களும் ஒரே நேரத்தில் கல்நெஞ்சர்களாகிவிட்டார்கள் என்று யாரும் நம்ப முடியாது. ஏற்பாடு கெட்டால் நல்லவர்களின் கனிவும் வற்றிவிடும் என்பதே அந்த மருத்துவமனை தரும் பாடம்.

செப்டம்பர் 30

எதிர்ப்பேச்சுகளையும் நேர்மையாக எடைபோட வேண்டும். முதலாவது, ஆள் பற்றாக்குறை. இரவுப் பணியில் ஒரே நர்ஸ் வார்டு முழுவதையும் பார்த்துக்கொண்டு ஓடும்போது எந்தப் பாட்டியின் முதுகை நீவிவிடுவார்? இதில் உண்மை இருக்கிறது. கனிவைக் கேட்கிறவர்கள் ஆட்களையும் சேர்த்தே கேட்க வேண்டும். நர்ஸைத் திட்டுவது எளிது, அரசிடம் பணியிடங்களை நிரப்பச் சொல்வதுதான் கடினமான வேலை. ஆனால் அலட்சியம் நேரத்தை மிச்சப்படுத்தும் என்ற கணக்கு தப்பு. இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைக்காததால் வந்த படுக்கைப் புண்ணுக்கு வாரக்கணக்கில் கட்டுப் போட வேண்டும். குழப்பத்தில் எழுந்து விழுந்தவருக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் செய்ய வேண்டும். வருமுன் கவனிப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். யேலில் இந்த வேலைகளில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களும் கைகொடுத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது, ‘அதெல்லாம் சொந்தக்காரர்கள் பார்க்க வேண்டியது’ என்பது. நம் ஊரில் அட்மிஷன் போடும்போதே ‘கூட ஆள் இருக்கா?’ என்று கேட்கிறார்கள். உறவு பக்கத்தில் இருப்பது பெரிய பலம்தான், அதை இழக்கக் கூடாது. ஆனால் தனியாக வாழும் விதவைக்கும், பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்ட தம்பதிக்கும் அந்தக் கேள்வி கதவடைப்பு. ஆள் இருந்தாலும், அவருக்குப் புரட்டிப் படுக்கவைக்கும் முறையை யாரும் சொல்லித் தருவதில்லை. இன்னொன்று, கூட ஆள் இருந்தால் டாக்டர் நோயாளியின் முகத்தைப் பார்க்காமல், ‘அம்மாவுக்கு என்ன செய்யுது?’ என்று மகனிடம் கேட்பார். எங்கே வலிக்கிறது என்று தெரிந்தவர் கட்டிலில் இருக்கிறார். அவரிடம் கேட்காததால் நோய்க்குறிப்பே பிசகிவிடும்.

மூன்றாவது, கனிவை உத்தரவு போட்டு வரவழைக்க முடியுமா என்ற கேள்வி. மனதில் எழும் உணர்ச்சியை முடியாது. செயலை முடியும். ஆபரேஷனுக்கு முன் கை கழுவும் சர்ஜனிடம் சுத்தத்தின்மேல் பிரியம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. கழுவினாரா என்றுதான் பார்க்கிறோம். பெயர் சொல்லி அழைத்தது, தம்ளரைக் கையருகே வைத்தது, துணி மாற்றும்போது திரையை இழுத்தது ஆகியவற்றையும் அப்படியே பார்க்கலாம்.

அக்டோபர் 1

இன்று உலக முதியோர் தினம், 1990இல் ஐ.நா. அறிவித்த நாள். முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாட்டுக்கு முன்னோடி என்ற பெயர் உண்டு. மருத்துவர் வி.எஸ். நடராஜனின் முயற்சியால் 1978இலேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோர் பிரிவு தொடங்கியது. 2024இல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. பெருமைப்பட வேண்டியவைதாம். ஆனால் 2011 கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல், அதாவது சுமார் 75 லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் படுப்பது மாவட்ட, தாலுகா ஆஸ்பத்திரிகளின் பொது வார்டிலும் எலும்பு முறிவு வார்டிலும்தான். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம், முதியவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இயன்றவரை படுக்கையும் தனி வரிசையும் தரச் சொல்கிறது. படுக்கை கிடைத்த பிறகு அதில் படுத்திருப்பவரின் ஒவ்வொரு மணிநேரமும் எப்படிக் கழிய வேண்டும் என்பதை வார்டுதான் தீர்மானிக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். காய்ச்சலும் ரத்த அழுத்தமும் குறிக்கும் அதே தாளில் இன்னும் நான்கு கட்டங்கள் வரட்டும்: இன்று எவ்வளவு நீர் குடித்தார், கட்டிலைவிட்டு இறங்கினாரா, கண்ணாடியும் காதுக்கருவியும் அவரிடம் இருக்கின்றனவா, அவரிடமே பேசினோமா. ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டர் மற்ற எண்களைக் கேட்பதுபோல இவற்றையும் கேட்கட்டும். அவர் கேட்கத் தொடங்கினால் வார்டு செய்யத் தொடங்கும்.