ஆர் தோய்க்கிறது?

இதை வாசிக்கிற உங்களில் பலர் இன்னும் அப்பாவோ அம்மாவோ ஆகியிருக்க மாட்டீர்கள். "குழந்தையின் நப்பி பற்றி எனக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். 33 வயது வரை நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் என் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாமலிருந்த பல விடயங்களை ஒரு வாளி ஈரத்துணிதான் சொல்லித் தந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் லண்டனில் பிறந்தவன். பொறியியலில் முதுகலை முடித்து, இப்போது ஐ.டி. கொன்சல்டன்டாக வேலை செய்கிறேன். எதையும் ஓர் எக்செல் தாளில் போட்டுப் பார்த்தால்தான் எனக்கு நித்திரை வரும். மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது நப்பிக் கணக்கும் போட்டேன். ஒரு நாளைக்குச் சராசரியாக ஐந்து என்று வைத்தாலும், இரண்டரை வருடத்தில் 4,500க்கு மேல். அத்தனையும் ஒருதரம் கட்டிவிட்டு குப்பைக்குள் போடுவது. அந்த எண்ணைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. "நாங்கள் துணி நப்பி பாவிப்போமா?" என்று மனைவியிடம் கேட்டேன். அவளும் சரி என்றாள்.

துணி நப்பி என்றதும் ஒரு வெள்ளைத் துண்டையும் ஊசியையும் நினைக்காதீர்கள். இப்போது வருபவை வேறு விதம். வெளிப்பக்கம் ஓர் உறை. அந்தப் பொலியெஸ்டர் துணியின் பின்பக்கத்தில் மெல்லிய பொலியூரதேன் படலம் ஒட்டியிருக்கும். ஈரம் வெளியே வராது. உட்பக்கம் பிள்ளையின் தோலில் படுகிற மிருதுவான துணி. இரண்டுக்கும் நடுவில் ஒரு பை. அதற்குள் உறிஞ்சும் துண்டுகளைச் செருக வேண்டும். மைக்ரோஃபைபர் துண்டு வேகமாக உறிஞ்சும், ஆனால் பிள்ளை அதன்மேல் இருந்தால் பிழிந்த மாதிரி வெளியே விட்டுவிடும். ஹெம்ப் நார்த்துணி மெதுவாக உறிஞ்சும், ஆனால் நிறையப் பிடித்து வைத்திருக்கும். அதனால் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டையும் சேர்த்துச் செருகுவோம். முன்பக்கத்தில் வரிசையாக அழுத்துப் பொத்தான்கள் இருக்கும். பிள்ளை வளர வளர அளவை மாற்றலாம். 24 வாங்கினோம். பாதி, வேறு பிள்ளைகள் பாவித்தவை. லண்டனில் சில உள்ளூராட்சி மன்றங்கள் இதற்கு வவுச்சரும் கொடுக்கின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தபோது எல்லாவற்றையும் சோபாவில் பரப்பிக் காட்டினேன். ஒன்றை எடுத்து உள்பக்கம் வெளியே திருப்பி, தையலை நகத்தால் தடவிப் பார்த்தா.

"வடிவாத்தான் இருக்கு. ஆர் தோய்க்கிறது?"

"மெஷின் தோய்க்கும் அம்மா."

"மெஷின் தானா எழும்பி வந்து வாளியைத் தூக்கிக்கொண்டு போகுமோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விடவில்லை. பிரித்தானிய அரசின் சுற்றுச்சூழல் துறை 2023இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துச் சொன்னேன். ஒரு பிள்ளைக்கு இரண்டரை வருடத்தில், எறியும் நப்பியால் 457 கிலோ அளவு கரியமில வாயு. துணி நப்பியால் 345 கிலோ. கிட்டத்தட்ட கால்வாசி குறைவு. பிறகு குப்பைமேடு, பிளாஸ்டிக் என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். அம்மா முழுவதையும் கேட்டா. கடைசியில் மெதுவாகக் கேட்டா:

"அப்ப நான் உனக்குப் பம்பேர்ஸ் கட்டினது பிழையோ தம்பி?"

எனக்குப் பதில் வரவில்லை.

அன்று பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டு அம்மா கதைத்தா. அக்கா பிறந்தது 1985இல், கோண்டாவிலில். பழைய வேட்டிகளைக் கிழித்துச் சதுரத் துண்டுகளாக்கி வைத்திருந்தார்கள். 31 நாள் துடக்குக் கழியும்வரை அம்மாவைக் கிணற்றடிப் பக்கமே விடவில்லை. அம்மம்மாதான் கல்லில் போட்டுத் தோய்த்தா. சின்னம்மா தண்ணீர் அள்ளினா. பக்கத்து வீட்டு மாமி கொடியில் காயப்போட்டா. "மூண்டு பொம்பிளையள் சேந்து உன்ர கொக்காவின்ர துணியைத் தோய்ச்சவை. எனக்கு ஒண்டும் தெரியாது" என்றா.

நான் பிறந்தது 1990இல், ஈஸ்ட்ஹாமில். ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள், ஒரே குளியலறை. அப்பா இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை. அம்மா பின்னேரத்தில் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போவா. உடுப்புக் காயப்போட இடமில்லை. மார்கழிக் குளிரில் எதுவும் காயாது. அம்மம்மா இல்லை, சின்னம்மா இல்லை, மாமியும் இல்லை. "பம்பேர்ஸ் விலைதான். ஆனா அதாலதான் நான் ரெண்டு மணித்தியாலம் படுத்தனான்" என்றா.

என் எக்செல் தாளில் நித்திரைக்கு ஒரு நிரல் இருக்கவில்லை.

மகள் பிறந்தாள். முதல் இரண்டு மாதம் எல்லாம் நன்றாகப் போனது. மூன்றாவது மாதம் பிரச்சினை தொடங்கியது. நப்பிகள் மெஷினிலிருந்து வரும்போது வாசம் இல்லை. ஆனால் பிள்ளை ஒருதரம் நனைத்ததும் கண்ணை எரிக்கிற மாதிரி ஒரு நெடி. பிறகு பிள்ளையின் தொடையும் பின்பக்கமும் சிவந்து தடித்தது. தொட்டாலே வீறிட்டு அழுதாள். அந்த அழுகையை என்னால் மறக்க முடியாது. ஏனென்றால் அதற்குக் காரணம் நான். உடனே துணியை நிறுத்தினோம். களிம்பு பூசி, ஆறும்வரை பம்பேர்ஸ் கட்டினோம். மனைவி கோபப்படவில்லை. "பிள்ளைக்குச் சரி வராட்டி விட்டிடுவம்" என்று மட்டும் சொன்னாள். அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

அம்மா வந்து, தோய்த்து மடித்து வைத்திருந்த துண்டை மூக்கில் வைத்துப் பார்த்தா. பிறகு அதை ஒரு கோப்பைச் சுடுதண்ணீருக்குள் போட்டுக் கசக்கினா. தண்ணீர் கலங்கியது.

"இது வடிவாத் தோய்படேல்லை. எவ்வளவு பவுடர் போடுறனீ?"

"ஒரு கரண்டி. கூடப் போட்டால் துணி உறிஞ்சாது எண்டு வாசிச்சனான்."

"இந்தத் தண்ணிக்கு ஒரு கரண்டியோ?" கேத்திலின் மூடியைத் திறந்து காட்டினா. அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. "ஊர்க் கிணத்துத் தண்ணியும் இப்பிடித்தான். சவர்க்காரம் லேசில நுரைக்காது. அம்மம்மா ரெண்டு தரம் போட்டுத் தேய்ப்பா. தண்ணி தெளியுமட்டும் அலசுவா."

அந்த இடத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. லண்டனுக்கு வரும் நிலத்தடி நீரும் சுண்ணாம்புப் பாறைகளுக்குள்ளால் ஊறி வருவது. இரண்டும் வன்னீர். தண்ணீரில் இருக்கிற கல்சியமும் மக்னீசியமும் சலவைத் தூளின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் இருப்பதுதான் அழுக்கை எடுக்கும். நான் போட்ட ஒரு கரண்டியில் மிச்சம் ஒன்றும் இருந்திருக்காது. துணிக்குள் தங்கிய கிருமிகள், சிறுநீரில் உள்ள யூரியாவை அமோனியாவாக மாற்றியிருக்கின்றன. அதுதான் அந்த நெடி. சலவைத் தூள்ப் பெட்டியின் பின்னால், வன்னீருக்கு எவ்வளவு, மென்னீருக்கு எவ்வளவு என்று ஓர் அட்டவணையே இருந்தது. கையேடுகளை வாசிப்பதற்குச் சம்பளம் வாங்குகிற நான் அதை வாசிக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு முறை இதுதான்.

கழற்றிய நப்பிகளைத் தண்ணீர் இல்லாத, மூடியுள்ள வாளியில் போடுவோம். ஊறவைக்க மாட்டோம், இலாஸ்டிக் பழுதாகிவிடும். தவழுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் தண்ணீர் வாளி ஆபத்தும்கூட. கக்கா இருந்தால் முதலில் கழிவறைக்குள் தட்டிவிட வேண்டும். மெல்லிய கடதாசி விரிப்புப் போட்டால் வேலை சுலபம். ஆனால் அந்தக் கடதாசி குப்பைக்குள்தான் போக வேண்டும், கழிவறைக்குள் அல்ல.

இரண்டு அல்லது மூன்று நாளைக்கு ஒருதரம் தோய்ப்போம். முதலில் கொஞ்சத் தூள் போட்டு ஒரு சிறிய ஓட்டம். அழுக்குத் தண்ணீர் போய்விடும். பிறகு பிள்ளையின் மற்றைய உடுப்புகளையும் சேர்த்து, வன்னீருக்கான முழு அளவுத் தூளுடன் 60 பாகையில் நீண்ட ஓட்டம். துணியை மென்மையாக்கும் திரவம் விடவே கூடாது. அது நாரின்மேல் படிந்து உறிஞ்ச விடாது. புதிய ஹெம்ப், பருத்தித் துண்டுகளைச் சில தடவை தோய்த்த பிறகுதான் அவை முழுதாக உறிஞ்சும். உறைகளை ஹீற்றரின்மேல் நேரே போடாதீர்கள். சூட்டில் அந்தப் படலம் பழுதாகும். கறை போகவில்லையா? ஈரத்தோடு வெயிலில் போடுங்கள். இதுவும் அம்மா சொன்னதுதான். லண்டன் வெயிலுக்கும் கறை போகிறது.

தோல் ஆறியது. நெடி திரும்பி வரவில்லை.

அப்படியிருந்தும் ஒரு விடயம் மிச்சம் இருந்தது. ஒருநாள் இரவு "இண்டைக்கும் நான்தான் தோய்ச்சனான்" என்று பெருமையாகச் சொன்னேன். மனைவி சிரித்தாள். "நீங்கள் பட்டனை அமத்தினீங்கள். பகல் முழுக்கத் தட்டினது, பிறகு விரிச்சது, காய்ஞ்சதை எடுத்தது, துண்டு செருகினது எல்லாம் ஆர்?"

அதே கேள்வி. ஆர் தோய்க்கிறது?

அந்த இரவு ஆய்வுகளைத் திரும்ப எடுத்து வாசித்தேன். 2008இல் வந்த முந்திய ஆய்வில் இரண்டு வகைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை: எறியும் நப்பி 550 கிலோ, துணி நப்பி 570 கிலோ. ஆனால் மெஷினை நிரப்பித் தோய்த்து, வெளியில் கொடியில் காயவிட்டு, அதையே இரண்டாவது பிள்ளைக்கும் பாவித்தால் 200 கிலோ அளவு குறையும். எல்லாவற்றையும் உலர்த்தும் இயந்திரத்தில் போட்டால் கூடும். 90 பாகையில் தோய்த்தாலும் கூடும். அதாவது துணி நப்பி நல்லதா கூடாதா என்பதை, அதைத் தோய்க்கிற விதம்தான் தீர்மானிக்கிறது. அம்மா முதல் நாளே சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறா. நான்தான் அதைப் பகிடி என்று நினைத்தேன்.

இங்கிலாந்தில் வலரி ஹன்ட்டர் கோர்டன் என்று ஒரு தாய் இருந்தார். 1947இல் மூன்றாவது பிள்ளை பிறந்தபோது, நப்பி தோய்த்து அலுத்துப்போய், பரசூட் துணியில் உறை தைத்து, உள்ளே எறியக்கூடிய பஞ்சுப் பட்டையை வைத்தார். இங்கே எறியும் நப்பியின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. அதைக் கண்டுபிடித்தவர் சூழலைக் கெடுக்க நினைத்தவர் அல்ல. தோய்த்துத் தோய்த்துக் களைத்த ஒரு பெண். என் அம்மாவைப் போல.

இப்போது எங்கள் வீட்டில் வாளி முழுக்க என் பொறுப்பு. கழுவுவது, போடுவது, விரிப்பது, மடிப்பது, செருகுவது எல்லாம். கிழமையில் இரண்டு நாள் வேலைக்காக வெளியூர் போவேன். அந்த நாட்களில் பம்பேர்ஸ். துணிதான் வேண்டும் என்றால் நான் தோய்க்க வேண்டும். நான் இல்லாத நாளில் அந்தச் சுமை இன்னொருவரின் தலையில் விழக்கூடாது. இதுதான் எங்கள் விதி. எக்செல் தாளில் இப்போது ஒரு புதிய நிரல் இருக்கிறது: ஒவ்வொரு தோய்ப்புக்கும் கை வேலை 25 நிமிடம். யாருடைய கை என்று இன்னொரு நிரல்.

நீங்கள் சூழலைப் பற்றி யோசிக்கிற தலைமுறை. வீட்டில் ஒன்றை மாற்ற வேண்டும் என்று நாளைக்கு நீங்களும் பேசுவீர்கள். பேசுங்கள். ஆனால் அதற்கு முன்னர் அதைச் செய்யப் போவது யார் என்று கேளுங்கள். உங்கள் அம்மா அந்தக் காலத்தில் எதையாவது எறிந்திருந்தால், அன்று அவருக்குப் பக்கத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்றும் கேளுங்கள்.

மகளுக்கு இப்போது இரண்டு வயதாகப் போகிறது. போன கிழமை அம்மாவும் நானும் காய்ந்த நப்பிகளை மடித்துக்கொண்டிருந்தோம். "அம்மா, அண்டைக்குக் கேட்டீங்களே. பிழையில்லை" என்றேன். எத்தனை மாதம் பிந்திய பதில்!

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த உறையை இழுத்துப் பார்த்தா.

"இதின்ர இலாஸ்டிக் தளந்து போச்சு. இஞ்ச தா, மாத்தித் தைச்சுத் தாறன். அடுத்த பிள்ளைக்கும் காணும்."