மறுமுனையில் இருப்பவர்

சென்ற ஆண்டு எமது தமிழ்ப் பாடசாலையில், இடைவேளை நேரத்தில், மேல்வகுப்பு மாணவி ஒருத்தி எம்மிடம் வந்தாள். கோடை விடுமுறையில் ஓர் அலுவலகத்தில் இரண்டு வாரம் வேலை பழகச் செல்லவிருப்பதாகக் கூறினாள். "எல்லாம் செய்வன் சேர், ரெலிபோன் எடுக்கத்தான் பயமாயிருக்கு" என்றாள். கைத்தொலைபேசியை ஒரு கணமும் பிரியாத பிள்ளை இவ்வாறு கூறியது கேட்டு முதலில் வியந்தோம். பின்னர் எண்ணிப் பார்க்கையில், எழுத்தாலேயே உரையாடிப் பழகிய ஒருவருக்கு, முகமறியாதவரின் குரலுக்கு அக்கணமே விடை கூறுவது அச்சம் தருவது இயல்பே எனத் தோன்றிற்று. அதற்குள் மணி அடித்துவிட்டமையால் அவளுக்கு முழுமையாக விடை கூற இயலவில்லை. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, அந்த விடையையே எழுதத் துணிந்தோம்.

அவ்வச்சம் எமக்கும் இருந்ததே. நாம் இலண்டன் வந்து சேர்ந்தது 1986 ஆம் ஆண்டில். ஊரில் எமக்குத் தெரிந்த தொலைபேசி, உப தபாற் கந்தோரில் இருந்த கருநிறக் கருவி ஒன்றுதான். கொழும்புக்கு 'ட்றங் கோல்' பதிவு செய்துவிட்டு வாங்கிற் காத்திருப்போம். இணைப்புக் கிடைத்ததும் கந்தோர் அதிரக் கத்துவோம். தூரம் கூடினால் குரலும் கூடவேண்டும் என்பதே அன்று நாமறிந்த விஞ்ஞானம்.

1988 இல், கப்பல் மூலம் பொதிகள் அனுப்பும் சிறு நிறுவனம் ஒன்றில் எழுதுவினைஞராகச் சேர்ந்தோம். முதல் நாள் மேசைத் தொலைபேசி ஒலித்தபோது, பழக்கம் விடவில்லை, உரத்துக் கத்தினோம். அலுவலகம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மேற்பார்வையாளராக இருந்த முதிய ஆங்கிலேயப் பெண்மணி எமதருகே வந்து, "பேசுபவருக்குக் காது நன்றாகக் கேட்கும்" என்று மென்மையாகச் சொல்லிச் சென்றார்.

அவரிடம் நாம் கற்றவை பல. மணி மூன்றாம் முறை ஒலிக்குமுன் எடுத்தல் வேண்டும். நிறுவனத்தின் பெயரையும், அடுத்துத் தன் பெயரையும் தெளிவாகக் கூறுதல் வேண்டும். வலக்கைப் பழக்கமுடையவர் ஒலிவாங்கியை இடக்கையிற் பிடித்தால், எழுதும் கை எப்போதும் ஆயத்தமாக இருக்கும். அழைத்தவரின் பெயர், இலக்கம், நேரம், செய்தி ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டு, இலக்கத்தைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தல் வேண்டும். "தெரியாது" என்று முடித்துவிடாது, "விசாரித்துச் சொல்கிறேன்" என்றல் வேண்டும். சொன்னபடி விசாரித்தலும் வேண்டும். ஒருவரைக் காத்திருக்க வைக்குமுன் அவருடைய சம்மதத்தைக் கேட்டல் வேண்டும். சற்று நேரத்துள் திரும்பி வந்து, இன்னும் தேடுகிறோம் என அறிவித்தல் வேண்டும். உரையாடல் முடிந்ததும் அழைத்தவர் முதலில் வைக்கும்வரை பொறுத்தல் வேண்டும்.

இவ்வொழுங்குகள் எவரோ பொழுதுபோக்காக வகுத்தவை அல்ல. அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்கான காப்புரிமை பெற்றது 1876 இல். பேச்சைத் தொடங்கும் சொல் எது என்பதே அன்று ஒரு பிரச்சினையாயிற்று. பெல், மாலுமிகள் கூவியழைக்கும் 'அஹோய்' என்ற சொல்லை விரும்பினார். 1877 இல் தோமஸ் எடிசன் பரிந்துரைத்த 'ஹலோ'வே நிலைத்தது. தொடக்கத்தில் இணைப்பு நிலையங்களிற் பணிபுரிந்த சிறுவர்கள் அழைப்பவர்களிடம் பொறுமையின்றியும் துடுக்காகவும் பேசினர். அதனால் 1878 இல் பொஸ்ரன் நகரில் எம்மா நட் என்னும் பெண்மணி பணிக்கு அமர்த்தப்பட்டார். முதலாவது பெண் தொலைபேசி இணைப்பாளர் அவரே. கருவி பிறந்து இரண்டே ஆண்டுகளில், கம்பி மட்டும் போதாது, பண்பான குரலும் வேண்டும் என உணர்ந்துவிட்டனர்.

எமக்கோ அவ்வுணர்வு வரச் சற்றுக் காலம் பிடித்தது. அதற்குக் காரணம் எமது பெயர். 'நாதன்' என முடியும் நீண்ட பெயர் எம்முடையது. தொலைபேசியில் அதனைக் கூறும்போதெல்லாம் மறுமுனையில் ஒரு தடுமாற்றம். மீண்டும் ஒருமுறை எழுத்தெழுத்தாகச் சொல்லவேண்டிய தொல்லை. எனவே அதன் முற்பகுதியை வெட்டி, எஞ்சியதையும் ஆங்கிலேயர் நாவிற் படும்படி 'நேதன்' ஆக்கிக்கொண்டோம். உச்சரிப்பையும் அதற்கேற்ப மாற்றிப் பழகினோம். சில மாதங்களில் எமது குரலை எமக்கே அடையாளம் தெரியாதபடி ஆயிற்று. அதிற் பெருமையும் கொண்டோம்.

ஒரு வியாழக்கிழமை மாலை, அலுவலகம் மூட ஒரு மணி நேரமே இருந்தது. தொலைபேசி ஒலித்தது. எமது ஒழுங்கின்படி, "நேதன் பேசுகிறேன்" என ஆங்கிலத்திற் கூறினோம். மறுமுனையில் வயது முதிர்ந்த பெண்குரல். "பொக்ஸ்... கொழும்பு... லெற்றர் வந்தது" என்று ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தது. முதற் சொல்லிலேயே அவர் எம்மவர் என அறிந்துகொண்டோம். "சொல்லுங்கோ அம்மா" என்று இரண்டு சொற்கள் கூறியிருந்தாற் போதும். ஆனால் அருகே சக ஊழியர்கள் இருந்தனர். நாம் தமிழிற் பேசினால் அவர்கள் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். அவ்வளவே காரணம். குற்றமற்ற ஆங்கிலத்தில், "தயவுசெய்து சற்றுப் பொறுத்திருக்க இயலுமா?" என வினவி, பொத்தானை அழுத்திவிட்டுக் கோப்பைத் தேடச் சென்றோம். இடையில் வேறொரு மேசையில் மணி ஒலித்தது. அதற்கும் விடை கூறினோம். திரும்பி வந்தபோது இணைப்பு அறுந்திருந்தது.

மறுநாட் காலை அவர் நேரிலேயே வந்தார். இரண்டு பஸ் மாறி வந்ததாகக் கூறினார். எம்மைக் கண்டதும் முகம் மலர்ந்து, "தம்பி தமிழோ?" என்றார். ஆம் என்றோம்.

"நேற்று நீங்கள் கந்தோருக்கு வரேல்லைப் போலை. ஒரு வெள்ளைக்காரத் தம்பிதான் போன் எடுத்தவர். நல்ல மரியாதையாய்த்தான் கதைச்சவர். நிக்கச் சொன்னவர். நான் றோட்டுப் பெட்டியிலை நிண்டு எடுத்தனான், அதுக்குள்ளை என்ரை காசு முடிஞ்சுபோச்சு."

எமக்கு நா எழவில்லை. அவருடைய பெட்டிக்குரிய கொழும்பு விலாசத்தில் ஒரு பிழை இருந்தது. அதனைத் திருத்துமாறு நிறுவனம் கடிதம் அனுப்பியிருந்தது. அவ்வாரக் கப்பலுக்குரிய பொதிகளை ஏற்றுக்கொள்ளும் இறுதி நேரம் வியாழன் மாலையுடன் முடிந்திருந்தது. அடுத்த கப்பல் இரண்டு வாரங்களின் பின்னரே. பெட்டிக்குள் இருந்தது, அவர் இன்னும் கண்ணாற் காணாத பேரப்பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்கான உடுப்புகள். "பிறந்தநாள் முடியத்தான் போய்ச்சேரும். பறவாயில்லைத் தம்பி, போய்ச் சேர்ந்தாற் காணும்" என்று கூறி, விலாசத்தைத் திருத்தித் தந்து, எமக்கு நன்றியும் சொல்லிச் சென்றார். அந்த வெள்ளைக்காரத் தம்பி யாரென்று நாம் சொல்லவில்லை.

பிற்பகலில் மேற்பார்வையாளரிடம் நடந்ததைக் கூறினோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. "அந்த அம்மாவின் மொழி உமக்குத் தெரியுமல்லவா?" என்றார். தெரியும் என்றோம். "பின் ஏன் பேசவில்லை?" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராது தமது வேலைக்குத் திரும்பினார்.

திங்கட்கிழமை முதல் எமது முழுப் பெயரையும் கூறத் தொடங்கினோம். தடுமாறியவர்களுக்காக எழுத்தெழுத்தாகச் சொன்னோம். அதற்குச் சென்ற நேரம் அரை நிமிடம். எம்மவர் பெயர் கேட்டு மறுமுனையில், "நீங்கள் தமிழோ?" என்ற நிம்மதிக் குரல் எழுந்தபோதெல்லாம் தயங்காது தமிழிற் பேசினோம். அலுவலகத்தில் ஓரிருவர் முதல் வாரம் திரும்பிப் பார்த்தனர். பின்னர் எவரும் பார்க்கவில்லை.

அன்றைய வியாழக்கிழமை நாம் மீறிய விதி, காத்திருப்பவரிடம் உடனே திரும்பிச் செல்லாதது ஒன்றுதான். ஏனையவற்றிற் குறையில்லை, மரியாதையாகப் பேசினார் என்று அவரே சான்று கூறினாரே. ஆயினும் அவர் எதற்காக அழைத்தாரோ அது நடக்கவில்லை. காத்திருக்க வைக்கப்பட்டவரின் காசு கரைவது எமது கண்ணுக்குத் தெரியவில்லை. தொலைபேசியின் இயல்பே அது: எதிரில் இருப்பவர் நிற்கிறாரா, மழையில் நனைகிறாரா, கையில் எத்தனை நாணயம் வைத்திருக்கிறார் என்பதை அது காட்டாது. அக்குறையை நாமே எண்ணி நிரப்பவேண்டும். அவ்வாறு எண்ணுபவருக்கு விதிகள் தாமே நினைவுக்கு வரும்.

இன்று நாணயம் இட்டுப் பேசும் கூண்டுகள் அருகிவிட்டன. பல அலுவலகங்களில் முதலிற் பதிவுசெய்த குரலே பேசுகிறது. காத்திருப்போர்க்கு இசை ஒலிக்கிறது. எனினும் இறுதியில் ஒரு மனிதர் எடுப்பார் என்ற நம்பிக்கையிலேயே மக்கள் காத்திருக்கின்றனர்.

மகளே, அந்த மனிதராக இரண்டு வாரம் இருக்க அஞ்சாதே. உனக்கு இது புதிதன்று. எட்டு வயதில், பத்து வயதில், உன் பெற்றோருக்காக வைத்தியரின் அலுவலகத்தோடும் நகரசபையோடும் தொலைபேசியிற் பேசிய பிள்ளைகளுள் நீயும் ஒருத்தி. யார் பொறுமையாகக் கேட்டார், யார் அவசரப்படுத்தினார் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். மணி ஒலிக்கும்போது அதனை நினைத்துக்கொள். உன் பெயரை முழுமையாகச் சொல். மறுமுனையில் சொற்களைத் தேடி நிற்பவர் எவரோ ஒருவரின் அம்மம்மாவாக இருக்கலாம்.